மோட்டாரை மாற்றினால் ஊற்று பெருகாது: கட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் கட்டுநர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

விற்பனை மந்தமாகும்போதெல்லாம் உங்கள் துறையில் ஒரே பேச்சுதான் எழுகிறது: வங்கிகள் கடனைத் தாராளமாக்க வேண்டும். முன்பணம் குறைய வேண்டும், தவணைக்காலம் நீள வேண்டும், ஆவணம் கேட்பதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கடன் மதிப்பீடு, சொத்து மதிப்பீடு, பத்திரச் சரிபார்ப்பு, வசூல் ஆகிய வேலைகளைச் செய்கிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். தளர்ந்த கடனால் வங்கி கெடும் என்று சொல்வதற்காக அல்ல. அதைப் பார்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இருக்கிறது. கெடுவது உங்கள் அடுத்த ஐந்தாறு ஆண்டு விற்பனை. அந்தக் கணக்கு உங்கள் சேல்ஸ் கூட்டங்களில் பேசப்படுவதில்லை என்பதால் இங்கே போடுகிறோம்.

ஒரு பகுதியில் ஆண்டுக்கு 100 குடும்பங்கள் வீடு வாங்கும் நிலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த 100 பேரை வங்கி உண்டாக்கவில்லை. நிலையான வேலை, கல்யாணம், ஏழெட்டு ஆண்டுச் சேமிப்பு, ஊரில் விற்ற நிலத்தில் வந்த பங்கு, இவைதான் உண்டாக்குகின்றன. 20 சதவீத முன்பணம் கேட்ட இடத்தில் 5 போதும் என்றால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரவேண்டியவர்கள் இந்த ஆண்டே வந்துவிடுவார்கள். 100 விற்ற இடத்தில் 300 விற்கும். அதைப் பார்த்து நீங்கள் இன்னொரு 300 வீட்டுக்கு நிலம் பேசுவீர்கள். திட்ட அனுமதி, ரெரா (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, பைலிங் எனும் அடித்தள வேலை, சாவி கொடுப்பது என்று மூன்று ஆண்டு ஓடும். அந்த வீடுகள் தயாராகும்போது, தளர்வு நீடித்திருந்தால், வாங்க வருவது மறுபடி ஆண்டுக்கு 100 பேர்தான். இடையில் வங்கிகளுக்கு அடிபட்டு முன்பணம் பழையபடி 20 ஆகியிருந்தால் அந்த 100 பேரும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். மூன்று எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரை எச்.பி. மாட்டினால் தண்ணீர் வேகமாக வரும். கிணற்றின் ஊற்று அதே ஊற்றுதான். வயலுக்குப் பாய்ச்சுகிற யாருக்கும் இது தெரியும். வீட்டுச் சந்தையில் மட்டும் மறந்துபோகிறது.

இதை முழுதாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 2002க்குப் பிறகு அங்கே வருமானத்துக்குச் சான்று கேட்காமல் வாய்ச்சொல்லை வைத்தே கடன் கொடுத்தார்கள். முதல் 2 ஆண்டுக்கு ஒரு வட்டி, மீதி 28 ஆண்டுக்குச் சந்தையோடு ஏறும் வட்டி என்று ஒரு வகைக் கடன் பரவியது. முன்பணத்தையே இரண்டாவது கடனாகக் கொடுத்து முழு விலைக்கும் கடன் என்று ஆக்கினார்கள். 2005இல் அந்த நாட்டில் விற்ற புதிய தனிவீடுகள் 12.83 லட்சம். 2011இல் 3.06 லட்சம். நாலில் மூன்று பங்குக்கும் மேலான விற்பனை ஆறே ஆண்டில் போய்விட்டது. 2005இல் கட்டத் தொடங்கிய வீடுகள் 20 லட்சத்துக்கும் மேல், 2009இல் 5.5 லட்சம். அந்த எண் மறுபடி 10 லட்சத்தைத் தொட 2014 வரை ஆனது.

சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் விகிதம் அங்கே 2004இல் 69.2 சதவீதம், 2016 நடுவில் 62.9. அது 1965இல் இருந்த அளவு. எல்லோரையும் வீட்டுக்காரராக்கக் கிளம்பிய கடன், வீட்டுக்காரர் விகிதத்தை ஐம்பது ஆண்டு பின்னுக்குத் தள்ளியது. வீட்டை ஏலத்தில் இழந்தவருக்கு அங்கே வழக்கமான கடன் மறுபடி கிடைக்க 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். அரசு காப்புறுதி தரும் கடன் என்றால் 3 ஆண்டு. வீட்டை இழந்த குடும்பத்தை அந்த ஆண்டுகளில் எந்தக் கட்டுநரும் வாடிக்கையாளர் பட்டியலில் சேர்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு: அந்தத் தளர்ந்த கடன்களில் பாதிக்கும் மேல் புது வீடு வாங்கக் கொடுத்தவை அல்ல. இருக்கிற வீட்டின் மேல் மறுபடி வாங்கிய கடன்கள். நம்மூர் டாப்-அப் போல. ஏற்கெனவே வீடு வைத்திருந்தவரும், வாங்குவோர் என்ற கிணற்றிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். குடும்ப வருமானம் மாதம் 80,000 ரூபாய். அதில் பாதி, 40,000, தவணைக்குப் போகலாம் என்று வங்கி அனுமதிக்கிறது. 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு இ.எம்.ஐ. 868 ரூபாய், கடன் சுமார் 46 லட்சம் கிடைக்கும். காலத்தை 30 ஆண்டாக்கினால் லட்சத்துக்கு 769. கடன் 52 லட்சம். கூடவே பாதி என்பதை 60 சதவீதம் என்று தளர்த்தினால் கடன் 62.4 லட்சம். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, வாங்கும் சக்தி 35 சதவீதம் ஏறிவிட்டது. இந்த 16 லட்சம் யாருக்குப் போகிறது? உங்களுக்கு என்று நினைத்தால் நில உரிமையாளரோடு வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ள நீங்கள் போட்ட கடைசி இரண்டு ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். சந்தை சூடானதும் நில உரிமையாளர் பாதிக்குப் பாதி என்ற பங்கை 55, 60 என்று உயர்த்திக் கேட்பார். சிமென்ட், கம்பி, கூலி எதுவும் கடனைப் பார்த்து 35 சதவீதம் ஏறுவதில்லை. நிலம் ஏறும், ஏனென்றால் அதைப் புதிதாகச் செய்ய முடியாது. தளர்ந்த கடனின் பெரும்பங்கு நிலத்தில் போய் உட்காருகிறது. அடுத்த திட்டத்துக்கு நீங்களே அந்த விலையில்தான் நிலம் வாங்குவீர்கள்.

இதற்கிடையே, ஒழுங்காகச் சேமித்துக்கொண்டிருந்த குடும்பம் என்ன ஆகிறது? 60 லட்சம் வீட்டுக்கு முன்பணம் 20 சதவீதம், 12 லட்சம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான புது அடுக்ககத்துக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், 4.2 லட்சம். இதை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது, கைக்காசுதான். அதே வீடு 70 லட்சம் ஆனால் முன்பணம் 14 லட்சம், பதிவுச் செலவு 4.9 லட்சம். கூடுதலாகத் தேவைப்படும் 2.7 லட்சத்தை மாதம் 15,000 சேமிக்கிற குடும்பம் சேர்க்க 18 மாதம் ஆகும். அந்த 18 மாதத்தில் விலை இன்னும் கொஞ்சம் நகரும். ஒரு கட்டத்தில் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் நகையாகவோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவோ மாறுகிறது. கடனைக் கடைசிவரை ஒழுங்காகக் கட்டக்கூடியவர்கள் இவர்கள்தாம். தளர்வு முதலில் வெளியே தள்ளுவது இவர்களை.

தவணை தவறும் குடும்பத்தால் உங்களுக்கு வரும் அடி இரட்டை. தவணை 90 நாள் நிலுவையானதும் கடன் வாராக்கடன் ஆகிறது. அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீனம், பிறகு ஏல அறிவிப்பு. அந்தக் குடும்பத்தின் கடன் தகவல் அறிக்கையில் அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு வாடிக்கையாளர் கழிந்தார். கூடவே, அவர்களுடைய வீடு உங்கள் விற்காத வீட்டுக்குப் போட்டியாகச் சந்தைக்கு வருகிறது, பெரும்பாலும் உங்கள் விலைக்குக் கீழே. இத்தோடு நிற்பதில்லை. அதே வளாகத்தில் ஏலம்போன வீட்டின் விற்பனைச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்த மாதம் உங்கள் புது வாடிக்கையாளருக்கு மதிப்பீடு செய்ய வரும் வால்யூயர் அருகில் நடந்த அண்மைப் பதிவுகளைத்தான் ஒப்பிடுவார். நீங்கள் சதுர அடி 7,000 என்பீர்கள், அவர் 6,300 என்று எழுதுவார். வங்கி அந்த மதிப்பில்தான் 80 சதவீதம் கொடுக்கும். 1,000 சதுர அடி வீட்டுக்கு உங்கள் வாடிக்கையாளரின் முன்பணம் 14 லட்சத்திலிருந்து 19.6 லட்சமாகிவிடும். மூன்றாவது வீடு வாங்குகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. முதல் வீடு வாங்குகிறவர் புக்கிங்கை ரத்து செய்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று ஏலம் போதும், ஒரு வளாகம் முழுவதும் விற்பனை உறைந்துபோக.

தவறாமல் கட்டுகிறவர்களிலும் ஒரு பகுதி கிணற்றுக்குத் திரும்புவதில்லை. இது வெளியே தெரியாத ஒழுகல், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இரண்டு படுக்கையறை வீட்டில் இருப்பவர் ஏழெட்டு ஆண்டில் அதை விற்றுவிட்டு மூன்று படுக்கையறைக்கு வருவார் என்பது உங்கள் தொழிலின் அடிப்படை. கடன் அசல் குறைந்து, வீட்டில் அவருடைய சொந்தப் பங்கு வளர்ந்திருந்தால்தான் அது நடக்கும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனை 5 ஆண்டு கட்டினால் அசலில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 12 ரூபாய் குறைந்திருக்கும். 30 ஆண்டுக் கடன் என்றால் நாலரை ரூபாய். தரகும் அடுத்த வீட்டின் பதிவுச் செலவும் அந்த நாலரையை விழுங்கிவிடும். 95 சதவீதக் கடனில் வந்தவர் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்.

வட்டி ஏறினால் இன்னும் மோசம். 2021இல் 6.7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 30 லட்சம் வாங்கியவருக்கு இ.எம்.ஐ. 22,722 ரூபாய். மே 2022இலிருந்து பிப்ரவரி 2023க்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4இலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது; அவருடைய வட்டி 9.2. பதினெட்டு மாதம் கட்டிய பிறகு அசல் பாக்கி 28.87 லட்சம், அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 22,136. வங்கி இ.எம்.ஐ.யைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினால், 222 மாதம் மீதியிருந்த கடன் 479 மாதம் ஆகிறது. வட்டி படிப்படியாக ஏறியதால் ஒவ்வொருவருக்கும் எண் சற்று மாறும், போக்கு இதுதான். பழைய காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் இ.எம்.ஐ. 27,111 ஆக வேண்டும். காலத்தை நீட்டுவதா, தவணையை உயர்த்துவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்றும், வட்டியைக்கூடத் தாங்காத தவணையாக அது மாறிவிடக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 2023இல் உத்தரவிட்டது. உத்தரவு சரி. ஆனால் மாதம் 4,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடியாத குடும்பத்துக்கு எந்தத் தேர்வும் தேர்வு இல்லை.

இங்கே விதிகளே இல்லை என்பதல்ல. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வரம்பு இருக்கிறது. 2009இல் முதலாண்டுக்கு மலிவு வட்டி காட்டி ஆள் பிடிக்கும் கடன்கள் பரவியபோது, ரிசர்வ் வங்கி 2010இல் அவற்றுக்காக வங்கிகள் இழப்பை எதிர்பார்த்து ஒதுக்கிவைக்க வேண்டிய தொகையை 2 சதவீதமாக உயர்த்தி அடக்கியது. வரம்பு விற்பனை மேசையில்தான் உடைகிறது. எங்கே, எப்படி என்று உங்கள் சேல்ஸ் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

54 லட்சத்துக்கு முடிந்த வீட்டுக்கு 60 லட்சம் என்று ஒப்பந்தம் எழுதி, 6 லட்சத்தைத் தள்ளுபடிச் சீட்டாகவோ இன்டீரியர் வேலையாகவோ திருப்பிக் கொடுப்பது ஒரு வழி. வங்கி 80 சதவீதம் என்று நினைத்துக் கொடுக்கும் 48 லட்சம், உண்மையில் 89 சதவீதம். அந்தப் பொய் விலை பதிவாகி, அடுத்த வால்யூயரின் ஒப்பீட்டில் நுழைகிறது. விலை ஏறும்வரை எல்லோரும் சிரிப்பார்கள். இறங்கும்போது அந்தக் கடனுக்கு அடியில் வீடே இருக்காது.

இன்னொரு வழி, முன்பணத்துக்குத் தனிநபர் கடன். 12 லட்சம், 12.5 சதவீதம், 5 ஆண்டு: மாதம் 27,000. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்த அதே பத்து நாளில் இதையும் வாங்கினால், வீட்டுக்கடன் தரும் வங்கிக்கு இது தெரியாமலே போகலாம். கடன் தகவல்கள் மாதம் ஒருமுறைதான் பதிவேறின. 2025 ஜனவரியில் அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது. சந்து குறுகியிருக்கிறது, அடைபடவில்லை.

மூன்றாவது, டி.எஸ்.ஏ. (வங்கிக்குக் கடன் விண்ணப்பம் பிடித்துத் தரும் முகவர்) மூலம் வரும் திருத்திய சம்பளச் சீட்டு. கடன் பட்டுவாடா ஆன அன்றே கமிஷன் முடிந்துவிடுவதால், பதிமூன்றாவது தவணையில் என்ன நடந்தாலும் முகவருக்குக் கவலையில்லை. இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல: சீட்டில் உள்ள பி.எஃப். பிடித்தம் பி.எஃப். பாஸ்புக்கில் இருக்கிறதா, முதலாளி தரும் வரிப் பிடித்தச் சான்றில் உள்ள வரி வருமானவரித் துறையின் பதிவில் ஏறியிருக்கிறதா, சம்பளம் ஆறு மாதமும் ஒரே கணக்கிலிருந்து, ஒரே விவரத்தோடு வந்திருக்கிறதா, விண்ணப்பத்துக்கு முந்தைய மாதம் திடீரென்று ஒரு பெரிய வரவு விழுந்திருக்கிறதா. பத்து நிமிட வேலை. மாதக் கடைசி இலக்கு துரத்தும்போது அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

சாவி கொடுக்கும்வரை வட்டியைக் கட்டுநர் கட்டுவார் என்ற திட்டம் தில்லியைச் சுற்றி என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே: கட்டுநர்கள் வட்டி கட்டுவதை நிறுத்தியதும் சுமை வாங்கியவர்கள் தலையில் விழுந்தது. கட்டுமான நிலைக்கு ஏற்பத்தான் கடனை விடுவிக்க வேண்டும் என்று 2013இல் ரிசர்வ் வங்கி சொன்னது. இந்தத் திட்டமே வேண்டாம் என்று 2019இல் தேசிய வீட்டுவசதி வங்கி வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குச் சொன்னது. 2025இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணை வரை போனது. வீடும் வராமல், கடன் மதிப்பெண்ணும் போய், வாடகை வீட்டில் இருக்கும் அந்தக் குடும்பங்கள் இனி கட்டிமுடிக்காத எந்த வீட்டையும் நம்பி வாங்கப் போவதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்கும் உறவினர்களும்தான்.

அப்படியானால் கிராமத்திலிருந்து வந்து மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும், தறி ஓட்டுகிறவருக்கும் கடனே கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர் என்பதும் கட்ட முடியாதவர் என்பதும் ஒன்றல்ல. கடைக்குப் போய் நாலு நாள் வெவ்வேறு நேரத்தில் உட்கார்ந்து, கொள்முதல் பில்லையும் தினசரி வரவையும் யு.பி.ஐ. ரசீதையும் பார்த்து மதிப்பிடும் கடன் இறுக்கமான கடன்தான். தளர்ந்த கடன் என்று நாங்கள் சொல்வது பார்க்காமல் கொடுப்பதை. அது ஐ.டி. ஊழியருக்குக் கொடுத்தாலும் தளர்ந்த கடனே.

உங்களால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. கடன் பரிந்துரைக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் பாதியைப் பட்டுவாடா அன்றும், மீதியைப் பன்னிரண்டாவது தவணை கட்டிய பிறகும் கொடுங்கள். டி.எஸ்.ஏ.க்கள் முறுக்கிக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் வரும் ஃபைல்களின் தரம் மாறும்.

வாங்குபவரின் பங்கு முதலில், வங்கியின் பங்கு பிறகு என்று தவணை அட்டவணையைப் போடுங்கள். 60 லட்சம் வீட்டுக்கு 6 லட்சத்தோடு ஒப்பந்தத்தைப் பதிவு செய்து (10 சதவீதத்துக்கு மேல் பதிவில்லாமல் வாங்க ரெரா சட்டம் விடாது), மீதி 6 லட்சத்தை மாதம் 25,000 வீதம் 24 மாதம் வாங்குங்கள். அதுவரை கடன் தொடங்காது; சாவி வரும்வரை வட்டி மட்டும் கட்டும் முன்-இ.எம்.ஐ. இல்லை. வாடகையையும் கொடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டு 25,000 கட்டிய குடும்பத்தைப் பற்றி எந்த சிபில் மதிப்பெண்ணும் அதைவிட நன்றாகச் சொல்லாது. உங்கள் ரொக்க ஓட்டம் இறுகும், கட்டுமானக் கடன் வட்டி கூடும் என்பது தெரியும். எல்லா வீட்டுக்கும் வேண்டாம், கால்வாசி வீடுகளை இந்த வழியில் விற்றுப் பாருங்கள். நடுவில் நிறுத்துகிறவர் இருப்பார். அவரை ஏலத்தில் இழப்பதைவிட ஒப்பந்த நிலையில் விடுவது இருவருக்கும் மலிவு, திரும்பி வரவும் வழியிருக்கும்.

சங்கங்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த முறை அரசிடம் மனு கொடுக்கும்போது கடன் வரம்பைத் தளர்த்தச் சொல்லும் வரியை எடுத்துவிட்டு, முதல் வீடு வாங்குகிறவருக்குப் பதிவுச் செலவைக் குறைக்கக் கேளுங்கள். 60 லட்சம் வீட்டில் அது 2 சதவீதம் குறைந்தால் 1.2 லட்சம், மாதம் 15,000 சேமிக்கும் குடும்பம் எட்டு மாதம் முன்னதாக வரும், கடன் ஒரு ரூபாய் கூடாமல்.

கடைசியாக, வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் விலை விவரத்தாள், காஸ்ட் ஷீட். அடிப்படை விலை, கார் பார்க்கிங், மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. என்று அதில் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று வரி சேருங்கள். அன்றைய வட்டியில் இ.எம்.ஐ.: எடுத்துக்காட்டாக, 40 லட்சத்துக்கு, 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் 34,713. வட்டி 2 சதவீதம் ஏறினால்: 39,935. மாதப் பராமரிப்பும் சொத்துவரியும்: உங்கள் வளாகத்தின் உண்மையான தொகை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து போனால் போகட்டும். இரண்டு ஆண்டு கழித்து வருவார். சேல்ஸ் ஆட்களிடம் அவருடைய எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் மதிப்பீட்டிலும் வசூலிலும் பணிபுரிவோர் சிலர்